மேஜைக்கு அடியில் கேட்ட சத்தம்

மறுபடியும் சிக்னல் இல்லை. நீலக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் அதைச் சொல்லிக்கொண்டு டிவி சுவரில் தொங்கியது. அந்தக் கட்டம் திரையில் மெதுவாக மிதந்து போய் ஓரத்தில் முட்டி, வேறொரு பக்கம் சாய்ந்து, மறுபடி முட்டி, எங்கேயும் உட்கார மனமில்லாத ஈ மாதிரி அலைந்தது. தனுஷ்கோடி ரிமோட்டைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கால் இரண்டும் வலித்தன. மேஜைக்கு அடியில் போய் வந்ததில் முதுகில் புதுப் பெயிண்ட் ஒட்டியிருக்கும், பரவாயில்லை, பழைய பனியன்தான். வயரெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சிவப்பு நூல் கட்டியது டிவிக்குப் போகிற வயர். பச்சை நூல் கட்டியது சத்தப் பெட்டிக்கு. வெள்ளையடிக்க ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு வயரையும் கழற்றக் கழற்ற அவரே கட்டியவை. கூட்டுறவு ஜவுளிக்கடையில் துணி கிழித்தே தலை நரைத்தவர், வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சிவப்பு டிவிக்குத்தானா? சத்தத்துக்குச் சிவப்பு, டிவிக்குப் பச்சை என்று நினைத்துக் கட்டியிருந்தால்? கட்டியது ஞாபகம் இருக்கிறது, ஜன்னலோரம் உட்கார்ந்து நூலைப் பல்லால் கடித்தது ஞாபகம் இருக்கிறது, கடித்தபோது என்ன நினைத்தோம் என்பதுதான் இல்லை. பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. வயரின் முனை தட்டையாக இருக்கிறது, அது டிவியின் ஓட்டைக்கு மட்டும்தான் பொருந்தும், சத்தப் பெட்டியில் செருகவே முடியாது. நூலே தேவையில்லை. தேவையில்லாத நூலை எதற்குக் கட்டினோம்? பயத்தில் கட்டினது. எப்போதிலிருந்து இந்தப் பயம்? அங்கே போகாதே என்று மனசைத் திருப்பினார், அது நீலக் கட்டம் மாதிரி ஓரத்தில் முட்டி அங்கேயே திரும்பியது.

அந்தக் கம்ப்யூட்டர் பார்ப்பதற்குக் கம்ப்யூட்டர் மாதிரி இருக்காது. பழைய வீடியோ டெக்கைப் போலத் தட்டையான கறுப்புப் பெட்டி, மேஜையின் கீழ்த்தட்டில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். ரிட்டயர் ஆன வருஷம் மதுரைக்குப் போய்ப் போய் ஒவ்வொரு சாமானாக வாங்கி வந்து, புத்தகத்தைப் பார்த்து, தப்பாகப் பூட்டி, கழற்றி, மறுபடி பூட்டி அவரே செய்தது. சினிமா, கிரிக்கெட், பாட்டு எல்லாம் அதிலிருந்துதான் பெரிய டிவிக்குப் போகும். மனைவி இந்திராணிக்குக் கிரிக்கெட் என்றால் சோறு வேண்டாம். வயர் பின்னிய நாற்காலியில் ஒரு காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அம்பயரைப் பக்கத்து வீட்டுக்காரனை ஏசுவது மாதிரி ஏசுவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு பெட்டியை அவர் தொடவில்லை. கேபிளில் செய்தி பார்ப்பார், அணைப்பார். இப்போது சுகந்தி சொல்லித்தான் வீட்டுக்கு வெள்ளையடித்தது. மகள் ஓசூரில் இருக்கிறாள். ‘வெள்ளையடிச்சாத்தான்ப்பா மாடியும் வாடகைக்குப் போகும்’ என்றாள். அதாவது அவர் இருக்கிற மாடி. ‘முதல்ல அடிப்போம், பெறகு பேசிக்கலாம்’ என்று இவர் நழுவினார். இன்றைக்குச் சாயங்காலம் ஃபோன் பண்ணுவாள், அந்தப் ‘பெறகு’ வந்துவிட்டது. காலையில் பல் விளக்கும்போதுதான் பந்தயம் கட்டிக்கொண்டார், தன்னோடு தானே. சுகந்தி கூப்பிடுவதற்குள் கம்ப்யூட்டர் படத்தை டிவியில் வரவழைத்துவிட வேண்டும். யாரையும் கூப்பிடக் கூடாது, யாரிடமும் கேட்கக் கூடாது. வந்துவிட்டால் இந்த வீட்டிலேயே இருக்கலாம், புத்தி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால், சரிம்மா, வந்துர்றேன் என்று சொல்லிவிட வேண்டியது. வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்து ஒத்துக்கொண்டார். எதற்கு ஒத்துக்கொண்டோம் என்று இப்போது இருந்தது.

ரிமோட்டில் டிவியை அணைத்தார். பிறகு சுவர் சுவிட்சையும் அணைத்தார். எப்போதும் அப்படித்தான், ஒருமுறை ஈரக்கையோடு தொட்டு வாங்கிய அடியிலிருந்து, வயரில் கை வைக்குமுன் எல்லாவற்றையும் அணைத்தே ஆக வேண்டும். வயரைப் பிடுங்கி ஊதினார். தலை மாற்றிச் செருகினார், டிவிப் பக்கம் இருந்த முனை கம்ப்யூட்டருக்கு, கம்ப்யூட்டர் முனை டிவிக்கு. சுவிட்சைப் போட்டு, மேஜைக்கு அடியில் குனிந்து, கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கினார். உள்ளே காற்றாடி சுழன்றது, பச்சை விளக்கு வந்தது. உயிர் இருக்கிறது. முழங்காலைப் பிடித்து, மேஜை விளிம்பைப் பிடித்து, நிமிர்ந்து, ரிமோட்டைத் தேடினார். கையில்தான் இருந்தது. இல்லை, இடுக்கில் இருந்தது, அக்குளில். ரிமோட்டை அமுக்கியதும் டிவி தன்னுடைய குட்டி இசையை வாசித்தது, மூன்று படி இறங்கி ஒரு படி ஏறுகிற மாதிரி ஒரு துணுக்கு இசை. அதைக் கேட்டதும் ஏதோ ஒன்று உறுத்தியது. செருப்பை இடது வலது மாற்றிப் போட்ட மாதிரி. என்ன அது? பிடிக்கப் போனார், வழுக்கியது. திரையில் நீலக் கட்டம் வந்து மிதக்கத் தொடங்கியது.

காளீஸ்வரன் அண்ணனுக்கு மறதி ஸ்கூட்டரில்தான் ஆரம்பித்தது. லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவர், விருதுநகரில் அவர் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அண்ணி உலை வைப்பாள். ஒருநாள் வாசலில் நின்று உதைக்கிறார், உதைக்கிறார், வண்டி எடுக்கவில்லை. தனுஷ்கோடி போய்ப் பார்த்தால் பெட்ரோல் குழாயைத் திறக்கவே இல்லை. ‘அண்ணே, குழாயத் தொறக்காம உதைச்சா அது எப்படி எடுக்கும்?’ என்றார். அண்ணன் குழாயைப் பார்த்தார். ஏதோ புதுசாக முளைத்ததைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். பிறகு சிரித்தார், ‘அட ஆமா’ என்றார், எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பிழை, அவ்வளவுதான். அந்தச் சிரிப்புதான் தனுஷ்கோடிக்கு இப்போதும் ஆறவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அது உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. அப்புறம் அவர் ஞாபகத்திலிருந்து அண்ணியின் பெயர் போயிற்று, தெருவின் பெயர் போயிற்று. கடைசி வருஷம் இவர் பார்க்கப் போனால் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ‘வாங்க சார், உக்காருங்க சார்’ என்பார். கூடப் பிறந்தவனைச் சார் என்றார். இவரும் உட்கார்ந்தார். ‘லோடு எங்க போகணும் சார்?’ என்று கேட்டார் அண்ணன். ‘சேலத்துக்கு’ என்று சொல்லிவிட்டு வந்தார், வேறு என்ன சொல்வது. பஸ்ஸில் வரும்போது இந்திராணி கையைப் பிடித்துக்கொண்டாள், பஸ்ஸில் அவள் கையைப் பிடிப்பவளே அல்ல. ‘உங்களுக்கு அப்படியெல்லாம் வராது. உங்களுக்குத்தான் எம்மேல உள்ள கோவமெல்லாம் தேதியோட ஞாபகம் இருக்கே’ என்றாள். அதற்கு அவர் சிரித்தாரா? சிரித்திருப்பார்.

போன மாதம் பூட்டிலேயே சாவியை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். அதற்கு முன்னால் பால் பொங்கி அடுப்பே அணைந்துபோயிருந்தது, கேஸ் வாசம் அடித்துக் கீழ்வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். யாருக்குத்தான் பால் பொங்கவில்லை. இந்திராணி இருந்தபோது பொங்காத பாலா. ஆனால் ஃபோனில் நடந்தது வேறு. சுகந்தியிடம் ‘சாப்டியாம்மா’ என்று கேட்டார், அவள் புளிச்சாதம் என்றாள். பேச்சு எங்கெங்கோ போனது, மறுபடி ‘சாப்டியாம்மா’ என்றார். ‘அப்பா, இதை இப்பத்தான கேட்டீங்க’ என்றாள், மெதுவாக, கண்ணாடிப் பாத்திரத்தைக் கீழே வைக்கிற மாதிரி. அந்த மெதுவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எரிந்து விழுந்திருக்கலாம். அவள் அம்மா மாதிரி, ‘காது என்ன அடமானத்துல இருக்கா’ என்று கேட்டிருக்கலாம். மறுநாளிலிருந்துதான் ஓசூர்ப் பேச்சு. அங்கே ஒரு டாக்டர் இருக்கிறாராம், ஞாபகத்துக்கு என்றே. ‘சும்மா ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோம்ப்பா.’ சும்மா காட்டுவதற்கு வீட்டை ஏன் வாடகைக்கு விட வேண்டும்?

“அண்ணே.” கீழேயிருந்து எஸ்தர் டீச்சர் குரல் வந்தது. கீழ்வீட்டில் குடியிருப்பவள், பால் பொங்கிய அன்று முதலில் ஓடி வந்தவளும் அவள்தான். மாடிப்படி பாதிவரை ஏறி நின்று பேசுவது பழக்கம், முழுசாக ஏறினால் உட்கார்ந்துவிடுவோம் என்பாள். “டிவி வேலை முடிஞ்சுதா இல்லையா? காலையில இருந்து மேல எலி ஓடுற மாதிரி சத்தம்.” “ஆகப் போகுது டீச்சர்.” “கேபிள்காரத் தம்பிக்கு ஒரு ஃபோனப் போடவா? வந்தான்னா நொடியில செருகிட்டுப் போயிருவான்.” “வேணாம் டீச்சர்.” “காசு கேக்க மாட்டாண்ணே.” “காசுக்காக இல்ல.” “பெறகு எதுக்கு?” “சும்மாதான். பொழுது போகணுமில்ல.” டீச்சரின் வளையல் படிச்சுவரில் உரசியது. “அந்தக் காலத்துல ஆண்டெனாவத் திருப்புனப்பவும் இப்பிடித்தான். ஒருத்தரத் தொட விடமாட்டீங்க” என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள். சமையலறைப் பக்கம் ஜன்னலில் காகம் கத்தியது. பெயிண்ட் வாசனை தலைக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

ஆண்டெனா. மொட்டை மாடிக்கு அப்போது கைப்பிடிச் சுவர் கட்டவில்லை. காற்றடித்தால் குழாய் திரும்பிக்கொள்ளும், படத்தில் மழை பெய்யும். இவர் மேலே ஏறிக் குழாயைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே ‘வருதா?’ என்பார். இந்திராணி ஹாலில் டிவி முன்னால் நின்று, ‘வரல… வரல… இன்னும் கொஞ்சம்… வந்துருச்சு, இறங்குங்க’ என்பாள். இறங்கி வந்து பார்த்தால் மழை பெய்துகொண்டுதான் இருக்கும். எஸ்தர் டீச்சர் அப்போதே கீழ்வீட்டில் குடி, பார்க்க வந்து உட்கார்ந்திருப்பாள். ‘அண்ணே, இவ பொய் சொல்றா, நாங்க குடை பிடிச்சிட்டுதான் உக்காந்திருக்கோம்’ என்பாள். இந்திராணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ‘படம் வராட்டிப் போகுது, விளிம்புல நின்னு ஆடுறாரு மனுஷன்.’ அதற்காகவே இவர் மறுபடி ஏறுவார். பொய் சொல்லாதே என்று கத்துவார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் வேலை அப்படியேதான் இருந்தது, மாடிக்குப் பதில் மேஜைக்கு அடி. இவர் கீழே, அவள் எதிரே, ‘வருதா?’ ‘ஆங், வந்துருச்சு.’ ஒருநாளாவது வராமல் இருந்ததா? அவர் செருகினால் வரும், பட்டனைத் தட்டினால் வரும், அதில் அவருக்கு ஒரு பெருமை. சாமான் வாங்கிய கடையில் இருந்த படித்த பையன்களெல்லாம் இது சரியாக வேலை செய்யாது அண்ணாச்சி என்றார்கள், பூட்டி முடித்த அன்றே ஒரே தட்டில் வந்தது. இத்தனை வருஷமும் வந்தது. இன்றைக்கு வரவில்லை என்றால் மாறியது எது? வயர் அதே வயர். பெட்டி அதே பெட்டி. டிவி அதே டிவி. மாறியது இந்தத் தலை ஒன்றுதான்.

வராமல் இருந்தது உண்டு. இப்போது ஞாபகம் வந்தது, வந்திருக்க வேண்டாம். இந்திராணி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, சுகந்தி அம்மாவோடு இருக்கிறேன் என்று இவரைக் குளிக்க வீட்டுக்கு அனுப்பினாள். குளித்துவிட்டு வந்தவருக்கு வீட்டின் அமைதி தாங்கவில்லை, ஒரு பாட்டாவது ஓடட்டும் என்று குனிந்து பட்டனைத் தட்டி, எழுந்து டிவியைப் போட்டார். சிக்னல் இல்லை. அன்றைக்கும் இதே நீலக் கட்டம். போகட்டும் என்று அணைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார், அப்புறம் நடந்ததில் அது மறந்தே போயிற்று. அப்படியானால் அன்றைக்கே தொடங்கிவிட்டதா? பெட்ரோல் குழாய் அன்றைக்கே மூடியிருந்ததா? ஏதோ ஒரு படி இருக்கிறது, எப்போதும் செய்து வந்த ஒன்று, அதைச் செய்யாமல் விடுகிறோம், அது என்னவென்று தெரியவில்லை, தெரியவில்லை என்பதும் கொஞ்ச நாளில் தெரியாமல் போகும். அண்ணன் குழாயைப் பார்த்த பார்வை. டிவியின் கறுப்பு விளிம்பில் தன் முகத்தைப் பார்த்தார், அண்ணன் ஜாடைதான், எல்லோரும் சொல்வார்கள், மூக்கும் தாடையும் அப்படியே. நாற்காலியில் உட்காரலாம் என்று திரும்பினார், அவளுடைய வயர் நாற்காலி, உட்காராமல் தரையில் விரித்த செய்தித்தாள் மேலேயே உட்கார்ந்தார். பெயிண்ட் துளிகள் காய்ந்து நட்சத்திரம் மாதிரிக் கிடந்தன. சொல்லிப் பார்த்தார். ‘சரிம்மா, வந்துர்றேன்.’ குரல் நன்றாகத்தான் வந்தது. ‘மாடிய வாடகைக்கு விட்ருவோம்.’ இதுவும் வந்தது. எஸ்தர் டீச்சரிடம் சொல்லி ஆள் பார்க்கச் சொல்லலாம். கறுப்புப் பெட்டியை என்ன செய்வது? சுகந்தி வீட்டில் மாப்பிள்ளை சுவரோடு சுவராகப் பெரிய டிவி வைத்திருக்கிறார், விரலைக்கூட அசைக்க வேண்டாம், வாயால் சொன்னாலே வரும். அங்கே இந்தப் பெட்டிக்கு இடமில்லை. தனக்கும் ஒரு மூலையில் கட்டில் போடுவார்கள். ஒருநாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சுகந்தியைப் பார்த்து, ‘வாங்கம்மா, என்ன துணி பாக்குறீங்க’ என்பார். அவள் என்ன சொல்வாள்? ஏதாவது ஒரு துணி சொல்லுவாள். அண்ணனுக்கு இவர் சேலம் என்று சொன்ன மாதிரி.

எழுந்தார். கழற்றிவிடலாம். இன்றைக்கே கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டால் நல்லது. டிவியை அணைக்கவில்லை, சுவிட்சையும் அணைக்கவில்லை, அது பாட்டுக்கு மிதக்கட்டும் என்ற அலுப்பு. கையை ஊன்றி மேஜைக்கு அடியில் போனார். பாதி உடம்பு உள்ளே போன நேரத்தில் மின்விசிறி சத்தம் இறங்கியது, இறங்கி நின்றது. கீழ்வீட்டு வானொலியும் நின்றது, தெருவே நின்ற மாதிரி இருந்தது. கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டரின் பச்சை விளக்கும் அணைந்தது. வெளியே வரலாம், ஆனால் வெளியே வந்து என்ன செய்யப் போகிறோம். அங்கேயே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். தரை சில்லென்று இருந்தது, நல்லாயிருந்தது. பெட்டிக்குப் பின்னால் வெள்ளையடித்தவர்கள் தொடாத ஒரு சாண் சுவர் பழைய ஊதாவாகவே இருந்தது, இந்திராணி பார்த்து எடுத்த ஊதா, ‘இது ஊதா இல்லீங்க, கத்திரிப்பூ’ என்று பெயிண்ட் கடைக்காரரோடு சண்டை போட்ட நிறம். அந்தச் சுவரில் விரலை வைத்தார். இந்த இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். தலை எங்கே இடிக்கும், முழங்கை எங்கே படும், பட்டன் எந்த உயரத்தில் இருக்கும். கண்ணை மூடினாலும் கை போகும். இங்கே கிடந்தால் அவள் எதிரே நாற்காலியில் இருக்கிற மாதிரித்தான் இருந்தது. கொலுசு போடுகிறவள் இல்லை, நாற்காலி வயர் இறுகுகிற கிரீச்சு மட்டும் கேட்கும், ரிமோட்டைச் சேலையில் துடைப்பாள், பிறகு…

கரண்ட் வந்தது. மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. தலைக்கு மேலே, மேஜைக்கு மேலே, சுவரில், டிவி தானாக உயிர் பெற்று தன் துணுக்கு இசையை வாசித்தது. மூன்று படி இறங்கி ஒரு படி ஏறியது. அந்தக் கடைசிப் படி முடிவதற்குள் அவர் கை போய்ப் பட்டனை அமுக்கியிருந்தது. அவர் அமுக்கவில்லை, கை அமுக்கியது. இசை மேலே கேட்டால் கை கீழே தட்டும், வருஷக்கணக்காக அப்படித்தான் அதற்குப் பழக்கம். காற்றாடி சுழன்றது, பச்சை விளக்கு வந்தது. பிறகு மேஜைக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாள் மெல்ல மஞ்சளாக வெளிச்சம் ஆனது. தாளில் ஒரு விளம்பரத்தின் எழுத்துக்கள் தெரிந்தன, சீயக்காய்த் தூள். அவர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. மஞ்சள் எதனுடைய மஞ்சள் என்று தெரியும். டிவி முழுக்கப் பூசணிப்பூ, கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் வருகிற படம், மாடித் தொட்டியில் பூத்தபோது இந்திராணி எடுக்கச் சொல்லி எடுத்தது. வெளியே வந்து பார்த்தார். ஒரு இதழின் ஓரத்தில் எறும்புகூடத் தெரிந்தது. வந்துருச்சு.

சந்தோஷப்படவில்லை, இன்னும் இல்லை. ஏன் வந்தது? அணைத்தார் எல்லாவற்றையும், ரிமோட், பிறகு சுவிட்ச், ஒழுங்காக. கீழே பட்டனைத் தட்டி, எழுந்து, டிவியைப் போட்டார். நீலக் கட்டம். மறுபடி அணைத்தார். இந்த முறை ரிமோட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு டிவியைப் போட்டார், இசை கேட்டதும் குனிந்து பட்டனைத் தட்டினார். பூசணிப்பூ. முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். இன்னொரு தடவை செய்தார், மறுபடியும் பூசணிப்பூ. டிவி முதலில், பெட்டி பிறகு. பெட்டி கண் விழிக்கிறபோது மறுமுனையில் டிவி விழித்திருக்க வேண்டும், இல்லையென்றால் எதிரே ஆளில்லை என்று பேசாமல் இருந்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். உறுத்தியதும் அதுதான். இசை தலைக்கு மேலே கேட்க வேண்டியது, முகத்துக்கு நேரே கேட்டது. இத்தனை வருஷமும் இவர் குனிந்து பட்டனைத் தேடுவதற்குள் அவள் நாற்காலியில் இருந்தபடி டிவியைப் போட்டிருப்பாள். ஆஸ்பத்திரி நாளில் நாற்காலியில் ஆளில்லை. இன்றைக்கும் இல்லை. அப்படியானால் பெட்ரோல் குழாய் இல்லை. அண்ணன் திறந்து திறந்து பழகியதை மறந்தார். இவர் மறக்கவில்லை. இவருக்கு இது ஒருநாளும் தெரிந்திருக்கவே இல்லை. தெரியாததை எப்படி மறக்க முடியும்? மறக்க முடியாது. அவர் சத்தமாகவே சொன்னார், “மறக்க முடியாதுல்ல.” பெயிண்ட் காயாத ஹாலில் அது கொஞ்சம் எதிரொலித்தது. இவ்வளவு நேரம் மூச்சை எங்கோ வைத்துவிட்டு நடமாடியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. வயர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கிரீச்சென்றது. கொஞ்ச நேரம் கண் கலங்கியது, அது துக்கமா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. சுமையை இறக்கி வைத்த கூலிக்காரர் தோள்பட்டையைத் தடவிக்கொள்வாரே, அதுபோல இருந்தது. சாவி, பால், அதெல்லாம் இருக்கிறது, போய்விடவில்லை. இருக்கட்டும். அதற்கு டாக்டரைப் பார்க்கலாம். இப்போது டாக்டரைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கியிருந்தபோது ஃபோன் அடித்தது. “அப்பா, என்ன பண்றீங்க? சாப்டீங்களா?” “சாப்ட்டேம்மா. சுண்டைவத்தல் குழம்பு, அப்பளம்.” “பெயிண்ட்லாம் முடிஞ்சுருச்சா?” “முடிஞ்சுது. டிவியும் மாட்டியாச்சு. கம்ப்யூட்டரும் ஓடுது.” “யாரு வந்து போட்டா?” “யாரும் வரல. நான்தான்.” “முதல்ல டிவியப் போட்டீங்களா?” என்றாள் மகள். தனுஷ்கோடி ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். “அது ஒனக்கு எப்படித் தெரியும்?” “எப்படித் தெரியும்னா? லீவுக்கு வந்தப்பல்லாம் அம்மா சொல்லுவாங்களே. உங்கப்பா குனிஞ்சு பட்டனத் தொடுறதுக்குள்ள நான் டிவியப் போட்ரணும், இல்லாட்டிப் படம் வராது, மனுசன் வயரெல்லாம் புடுங்கிப் போட்ருவாருன்னு.” “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.” “சொன்னா அது ஏன் அப்பிடின்னு ராத்திரி வரைக்கும் வெளக்கம் சொல்லுவாராம், மேட்ச் போயிருமாம்.” அவர் சிரித்தார். வாய்க்குள் ஆரம்பித்த சிரிப்பு தோளுக்கு வந்து, நாற்காலி வயரெல்லாம் கிரீச்சிட்டது. “கள்ளி” என்றார். “கூரைமேல நின்னாலும் பொய், கீழ கெடந்தாலும் பொய்.” “என்னப்பா சொல்றீங்க?” “ஒண்ணுமில்ல. நேர்ல சொல்றேன்.” “ஓசூருக்கு எப்ப வர்றீங்க?” அவள் குரலில் மறுபடியும் அந்த மெதுவு வந்தது. அவர் அதற்குக் காத்திருந்தவர் போல இருந்தார், ஆனால் பயமில்லை. “அடுத்த வாரம் வர்றேன். அந்த டாக்டரப் பாப்போம், என்ன சொல்றாருன்னு கேப்போம். ஒரு பைதான் கொண்டாருவேன். பாத்துட்டு நம்ம வீட்டுக்குத் திரும்பிருவேன்.” அந்தப் பக்கம் பெருமூச்சா, சரி என்று சொன்னதா, தெரியவில்லை. “மாடிய வாடகைக்கு விடலையா?” “வெள்ளையடிச்ச வீட்ல கொஞ்ச நாள் நான் இருந்து பாத்துக்கிறேன்.” அவளும் சிரித்தாள். குக்கர் விசில் கேட்டது அங்கே, யாரையோ அதட்டினாள், ஃபோனுக்குத் திரும்பினாள், மறுபடி அதட்டினாள். பூசணிப்பூ ஹாலெல்லாம் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. “சரிப்பா, வச்சிரவா? சாப்டீங்களா?” அவர் ரிமோட்டை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். கை ஒரு நிமிஷம் நின்றது. “சாப்ட்டேம்மா” என்றார். “சுண்டைவத்தல் குழம்பு, அப்பளம்.”